மீன் தொட்டி வடிகட்டியில் எதை நிரப்பலாம்?

வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்து வண்ண மீன் வளர்க்கும் சகோதரி ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். மூன்றடித் தொட்டி, எட்டுத் தங்க மீன்கள், இரண்டு ஆண்டுகளாக ஒரு குறையும் இல்லை. வடிகட்டிப் பெட்டியில் இருந்த பழைய ஸ்பாஞ்சும் கூழாங்கல்லும் கறுத்துப்போய், பார்க்கவே அருவருப்பாக இருந்தனவாம். அவற்றைக் குப்பையில் கொட்டிவிட்டு, கடைக்காரர் சொன்ன விலை உயர்ந்த பீங்கான் வளையங்களை வாங்கி நிரப்பினார். தண்ணீர் பளிங்குபோல் தெளிந்தது. ஆறாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பத்தாம் நாளுக்குள் ஐந்து மீன்கள் செத்துவிட்டன. "வளையம் போலிச் சரக்கா? நான் ஏமாந்தேனா?" என்பது அவருடைய கேள்வி.

வளையத்தின் மேல் குற்றம் இல்லை. அவர் குப்பையில் கொட்டிய கறுப்புதான் அந்த மீன்களை இரண்டு ஆண்டுகள் காப்பாற்றி வந்தது. அது கண்ணுக்கு அழுக்காகத் தெரிந்தாலும் உயிருள்ள பொருள். புதிய வளையத்தில் அந்த உயிர் ஏற வாரக்கணக்கில் ஆகும். அதுவரை மீன்களுக்குக் காவல் இல்லை.

வடிகட்டியில் நிரப்பும் பொருளைக் கடைக்காரர்கள் "மீடியா" என்கிறார்கள். சென்னை கொளத்தூர் கடைகளில் பார்த்தால் பத்துப் பதினைந்து வகை தொங்கும். ஒவ்வொன்றின் அட்டையிலும் ஒவ்வொரு பெருமை அச்சிட்டிருக்கும். எதை வாங்குவது, எதை வாங்காமலே வீட்டில் கிடைப்பதைக் கொண்டு சமாளிப்பது என்பதை முடிவு செய்ய, உள்ளே நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். விவசாயம் அறிந்தவர்களுக்கு இது புதிய பாடம் அன்று.

வயலில் நடப்பதே தொட்டியிலும்

புன்செய் நிலத்தில் யூரியா இடுகிறோம். மண்ணில் அது முதலில் அம்மோனியா நிலைக்கு மாறுகிறது. பிறகு மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. சோளமும் பருத்தியும் தழைச்சத்தைப் பெரும்பாலும் இந்த நைட்ரேட் உருவில்தான் எடுத்துக்கொள்கின்றன. இந்த வேலையைச் செய்யும் உயிர்களை ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி 1890 வாக்கிலேயே பிரித்துக் காட்டினார்.

மீன் தின்ற தீனியிலுள்ள புரதத்தின் கழிவு, பெரும்பாலும் செவுள் வழியாக அம்மோனியாவாகவே வெளியேறுகிறது. குளத்தில் இருந்தால் பரந்த நீரும் சேறும் பாசியும் அதை வாங்கிக்கொள்ளும். கண்ணாடித் தொட்டியில் அது போவதற்கு இடம் இல்லை. மீன் தன் கழிவிலேயே மூச்சுவிட வேண்டியதுதான். வடிகட்டிப் பொருளின் மேல் வழவழப்பாகப் படரும் நுண்ணுயிர்ப் படலம் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, அதை நைட்ரேட்டாக்குகிறது. அம்மோனியா கொடிய நஞ்சு. நைட்ரைட்டும் நஞ்சுதான், மீனின் இரத்தத்தைப் பழுப்பாக்கிப் பிராணவாயுவை ஏற்கவிடாமல் செய்துவிடும். நைட்ரேட் அவற்றோடு பார்க்கப் பெரிய தீங்கில்லை. வாராவாரம் கொஞ்சம் தண்ணீரை மாற்றி அதை வெளியேற்றிவிடலாம். அந்தத் தண்ணீரைச் செம்பருத்திக்கோ கறிவேப்பிலைக்கோ ஊற்றினால் செடி மகிழ்ந்து வாங்கிக்கொள்ளும். உப்பு போட்ட தொட்டியின் தண்ணீரை மட்டும் செடிக்கு ஊற்றவேண்டாம்.

நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்னும் உயிர் என்றே பாடப் புத்தகங்கள் சொல்லி வந்தன. 1998-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் மீன் தொட்டிகளைச் சோதித்து, அங்கே அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்ற வேறொரு இனம் என்று கண்டார்கள். 2015-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், மீன் பண்ணை ஒன்றின் வடிகட்டியிலிருந்து எடுத்த நைட்ரோஸ்பைராவில் சில வகைகள் இரண்டு வேலையையும் தாமே செய்வதைக் கண்டுபிடித்தார்கள். நமக்கு இதிலிருந்து வேண்டியது ஒன்றே. தொட்டிக்கு ஏற்ற உயிர், நன்றாக ஓடும் வேறொரு தொட்டியில்தான் நிச்சயமாக இருக்கிறது. பாட்டிலில் அடைத்து விற்பதில் சில நல்லவையும் உண்டு. ஆனால் வெயிலில் லாரியிலும் கடை அலமாரியிலும் மாதக்கணக்கில் கிடந்த பாட்டிலுக்குள் என்ன உயிரோடு இருக்கும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது.

இந்த உயிர்கள் மெதுவாகப் பெருகுபவை. இட்லி மாவைப் புளிக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் ஓர் இரவில் பானையைப் பொங்கவைத்துவிடும். இவை ஒரு பங்கு இரு பங்காக ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். சில சமயம் அதற்கும் மேலாகும். அதனால்தான் புதுத் தொட்டி பக்குவப்பட நம் ஊர் வெப்பத்தில் மூன்று முதல் ஐந்து வாரம் ஆகிறது. குளிர் நாடுகளில் இன்னும் கூடுதல்.

எவ்வளவு பரப்பு வேண்டும்?

அட்டையில் "ஒரு லிட்டரில் நூற்றுக்கணக்கான சதுர மீட்டர் பரப்பு" என்று போட்டிருப்பார்கள். அதைக் கண்டு மலைத்துப் பணத்தைக் கொடுப்பதற்கு முன், நமக்கு எவ்வளவு தேவை என்று கணக்குப் பார்ப்போம்.

மூன்றடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றேகால் அடி உயரமுள்ள தொட்டியில் ஏறக்குறைய 120 லிட்டர் தண்ணீர் நிற்கும். நாளொன்றுக்கு 3 கிராம் தீனி போடுவதாகவும், தீனியில் புரதம் 40 சதவிகிதம் என்றும் வைத்துக்கொள்வோம். தீனியின் எடையைப் புரதப் பங்கால் பெருக்கி, அதை மேலும் 0.092-ஆல் பெருக்கினால் அம்மோனியாவாக வெளிவரும் தழைச்சத்து கிடைக்கும் என்பது மீன் பண்ணைக்காரர்கள் கையாளும் கணக்கு. இங்கே அது 110 மில்லிகிராம். வடிகட்டி வேலை செய்யாவிட்டால் ஒரே நாளில் லிட்டருக்கு 0.9 மில்லிகிராம் கூடுகிறது. ஆறு நாளில் ஐந்துக்கு மேல் போய்விடும். சகோதரியின் தொட்டியில் நடந்தது இதுதான்.

இவ்வளவும் நஞ்சாக நிற்பதில்லை. தண்ணீரின் கார அமில நிலையைப் பொறுத்தது அது. 28 டிகிரி வெப்பத்தில், கார அமில நிலை 7 ஆனால் மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவே கொடிய உருவில் இருக்கும். 8 ஆனால் ஆறு ஏழு பங்கு. அதாவது பத்து மடங்கு. நச்சு உருவில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் நீடித்து நின்றாலே செவுள் கெடத் தொடங்கும். உவர்ப்பான ஆழ்குழாய்க் கிணற்று நீர் உள்ள வீடுகளில் தங்க மீன் திடீரென்று சாவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

இந்த 110 மில்லிகிராமை மாற்ற எவ்வளவு இடம் வேண்டும்? வீட்டுத் தொட்டி நிலையில், படலம் பிடித்த ஒரு சதுர மீட்டர் பரப்பு நாளொன்றுக்குச் சுமார் 100 மில்லிகிராமை மாற்றும் என்று குறைத்தே மதிப்பிடுவோம். அப்படியானால் 1.1 சதுர மீட்டர் போதும். பாதுகாப்புக்காக இரட்டிப்பாக வைத்தாலும் இரண்டேகால் சதுர மீட்டர்தான். ஒரு சிறிய போர்வையின் பரப்பு. நூற்றுக்கணக்கான சதுர மீட்டருக்கு இங்கே வேலை இல்லை.

அந்தப் பெரிய எண்கள் பொய் என்று சொல்லவில்லை. வளையத்தின் உள்ளே நுண்ணிய துளைகளின் சுவர்களை எல்லாம் கூட்டினால் அவ்வளவு வரலாம். ஆனால் ஒரு நுண்ணுயிரின் பருமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதைவிடச் சிறிய துளைக்குள் அது நுழைய முடியாது. பெரிய துளைக்குள் நுழைந்தாலும் அதற்குப் பிராணவாயு வேண்டும். ஒரு மில்லிகிராம் அம்மோனியாத் தழைச்சத்தை மாற்ற ஏறக்குறைய நாலரை மில்லிகிராம் பிராணவாயு செலவாகிறது. நம் ஊர் வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் எட்டு மில்லிகிராம் பிராணவாயுவைக்கூட முழுதாகத் தாங்காது. படலத்தின் மேற்புறத்தில் இருப்பவை அதை உறிஞ்சிவிட, மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு ஆழத்துக்குக் கீழே ஒன்றும் போய்ச் சேராது. ஆகவே வெளிப்புறமும், நீர் உரசிச் செல்லும் பெரிய துளைகளுமே உழைக்கின்றன. மற்றவை கணக்கில் மட்டும் உள்ள நிலம்.

எனவே நிரப்புபொருளைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது வேறு மூன்று. நீர் தடையின்றி ஓடுகிறதா? எளிதில் அலச முடிகிறதா? தண்ணீரின் குணத்தைக் கெடுக்காமல் இருக்கிறதா?

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

கூழாங்கல்: பழைய பொருள், மலிவு. ஐந்து மில்லிமீட்டர் கல்லில் லிட்டருக்கு ஏறக்குறைய 0.7 சதுர மீட்டர் பரப்பு உண்டு. மூன்று லிட்டர் கல் நம் கணக்குக்கு ஈடு கொடுத்துவிடும். கல் சிறிதானால் பரப்பு கூடும். இரண்டு மில்லிமீட்டர் மணலில் இதைப்போல் இரண்டரை மடங்கு உண்டு. ஆனால் ஒரே மாதத்தில் அடைத்துக்கொண்டு நீர் பக்கவாட்டில் வழி தேடி ஓடிவிடும். பெரிய ஜல்லியில் அடைப்பு வராது; பரப்பும் இராது. தொட்டியின் அடித்தட்டில் கல்லைப் பரப்பி அதன் வழியே நீரை இழுக்கும் பழைய முறையில், கல்லுக்கு அடியில் கழிவு சேர்ந்து நாறும். உறிஞ்சு குழாய் கொண்டு வாரம் ஒரு பகுதியாகச் சுத்தம் செய்யப் பொறுமை உள்ளவர்கள் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

சுண்ணாம்புக் கல்லை அறியாமல் போட்டுவிடக் கூடாது. சந்தேகமான கல்லின் மேல் நாலு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு.

ஸ்பாஞ்சு: என்னைக் கேட்டால், முதல் தொட்டி வைப்போருக்கு இதற்கு மிஞ்சியது இல்லை. கொளத்தூர்ப் பக்கம் மீன் குஞ்சு வளர்த்துப் பிழைப்போரின் தொட்டிகளை எட்டிப் பாருங்கள். பெரும்பாலும் ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்சு வடிகட்டியாகத்தான் இருக்கும். குஞ்சு உள்ளே இழுபடாது. ஸ்பாஞ்சின் மேல் வளரும் நுண்ணுயிர்களைக் கொத்தித் தின்னவும் செய்யும். ஓர் அங்குலத்தில் 20 முதல் 30 துளை உள்ளதாக வாங்க வேண்டும். அதைவிட நெருக்கமானது சீக்கிரம் அடைக்கும். கடையில் ஒரு சோதனை செய்யலாம். வாயை வைத்து ஊதினால் காற்று மறுபுறம் தாராளமாக வரவேண்டும். மெத்தை, சோபாவில் வைக்கும் நுரையில் காற்று திக்கித் திணறித்தான் வரும்; நாளடைவில் பொடிந்தும் போகும். அது வேண்டாம். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் கிருமிநாசினி கலந்து வருவதும் உண்டு. நுண்ணுயிரை வளர்க்கப் போகும் இடத்தில் அதைப் போடுவது விதை நெல்லை வறுத்து விதைப்பது போலாகும்.

பீங்கான் வளையமும் உருக்கிய கண்ணாடித் துண்டும்: நல்ல பொருள்கள்தாம். நீண்ட நாள் உழைக்கும். ஆனால் இவற்றுக்கு முன்னால் ஒரு முரட்டு ஸ்பாஞ்சு நின்று அழுக்கைத் தடுக்க வேண்டும். இல்லாவிட்டால் துளைகளில் சேறு அடைத்து, விலை கொடுத்து வாங்கிய வளையம் சாதாரணக் கல்லாகிவிடும். பெட்டியில் அடுக்கும்போது நீர் முதலில் முரட்டு ஸ்பாஞ்சு, அடுத்து மென்மையான ஸ்பாஞ்சு, கடைசியில் வளையம் என்ற வரிசையில் செல்லுமாறு பார்த்துக்கொள்ளவும். உள்துளைகளில் வேறு வகை உயிர் வளர்ந்து நைட்ரேட்டையும் அழித்துவிடும் என்று விற்பனையாளர் சொல்வதை நம்பி, தண்ணீர் மாற்றுவதை நிறுத்திவிட வேண்டாம். வீட்டு வடிகட்டியில் அது நடந்தாலும் மிகச் சிறிதே நடக்கும்.

பிளாஸ்டிக் பந்துகள், சக்கரங்கள்: தொட்டிக்கு மேல் பெட்டி வைத்து, நீர் மேலிருந்து சொட்டிச் சொட்டி விழும் வடிகட்டியில் பந்துகள் நன்றாக உழைக்கும். காற்றும் நீரும் ஒருங்கே படுவதால் பிராணவாயுவுக்குக் குறைவில்லை. நீரில் முழுகிக் கிடக்கும்படி வைத்தால் அவ்வளவு சிறப்பில்லை. சிறிய சக்கரம் போன்ற துண்டுகள் நார்வே நாட்டில் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்காக உருவானவை. ஏர் பம்பின் காற்றில் ஓயாமல் புரண்டுகொண்டே இருக்கவேண்டும் என்பது இவற்றின் விதி. ஒன்றோடொன்று உரசி, செத்த படலத்தைத் தாமே உதிர்த்துக்கொள்ளும். அலசவே வேண்டாம். மீன் அதிகம் வைப்போர்க்கு ஏற்றவை. காற்று நின்றால் வேலையும் நிற்கும்.

வீட்டில் கிடைப்பவை: நன்றாக வெந்த செங்கல்லையோ நாட்டு ஓட்டையோ சுண்டைக்காய் அளவுக்கு உடைத்து, தூசி போகக் கழுவி, ஒரு வாரம் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்துப் போடலாம். உப்புப் பூத்த செங்கல் ஆகாது. கையில் தேய்த்தால் மாவாக உதிரும் வேகாத கல்லும் ஆகாது. நாட்டு ஓட்டின் சொரசொரப்பைப் படலம் விரும்பிப் பற்றிக்கொள்கிறது. வழவழப்புப் பூசிய தரை ஓட்டை விட்டுவிடுங்கள்.

தோட்டத்தில் சொட்டுநீர்ப் பாசனம் போட்டவர்களிடம் 16 மில்லிமீட்டர் குழாயின் மிச்சம் கிடக்கும். அதை ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கினால், ஒரு லிட்டர் இடத்தில் சுமார் 300 துண்டுகள் பிடிக்கும். உள்ளும் புறமும் சேர்த்து ஏறக்குறைய கால் சதுர மீட்டர் பரப்பு வரும். மிதக்கும் பொருள் ஆதலால் வலைப் பையில் கட்டி அமுக்கி வைக்க வேண்டும். உரமோ மருந்தோ ஓடிய பழைய குழாய் கூடவே கூடாது. புதிய குழாயின் வெட்டுமிச்சம் மட்டுமே. பிளாஸ்டிக் நார் ஸ்க்ரப்பரும் இதே போல் உதவும். கம்பி ஸ்க்ரப்பரை நினைக்கவும் கூடாது.

தேங்காய் நாரும் பீர்க்கங்கூடும் போடலாமா என்று பலர் கேட்பதுண்டு. சில வாரம் நன்றாகத்தான் இருக்கும். பிறகு அழுகும், அழுகும்போது அதுவே பிராணவாயுவைத் தின்னும். நார் தண்ணீரைத் தேநீர் நிறமாக்கிவிடும்.

கரி: நிறத்தையும் நாற்றத்தையும் பிடிப்பதற்கு. சில வாரங்களில் அந்தச் சக்தி தீர்ந்துவிடும். அதன் பிறகு அதுவும் நுண்ணுயிர் தங்கும் ஒரு கல், அவ்வளவே.

சியோலைட்: இது அம்மோனியாவைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும் கனிமம். மீனைப் பையில் நெடுந்தூரம் அனுப்பும்போதும் ஆபத்து வேளையிலும் பயன்படும். ஆனால் தொட்டியில் சியோலைட் இருக்கும்போது மீனுக்கு நோய் என்று உப்பைப் போட்டால், பிடித்து வைத்த அம்மோனியாவை எல்லாம் ஒரேயடியாகக் கக்கிவிடும். உப்பு போடுமுன் அந்தப் பையை வெளியே எடுத்துவிடுங்கள்.

சிப்பியும் பவளக்கல்லும்: இவை கரைந்து தண்ணீரைக் கடினமாக்கும். கார அமில நிலையையும் உயர்த்தும். ஏற்கெனவே உவர்ப்பு நீர் உள்ள வீட்டில் இவற்றுக்கு வேலை இல்லை. ஏஞ்சல், டெட்ரா வகை மீன்களுக்கும் ஆகாது. ஆனால் இப்போது பல வீடுகளில் ஆர்.ஓ. இயந்திரத்து நீரையே தொட்டியிலும் ஊற்றுகிறார்கள். அங்கே கதை மாறுகிறது. அம்மோனியாவை மாற்றும்போது நுண்ணுயிர்கள் தண்ணீரிலுள்ள காரத்தன்மையையும் செலவழிக்கின்றன. ஒரு பங்கு தழைச்சத்துக்கு ஏழு பங்கு சுண்ணாம்புக் காரம் என்பது கணக்கு. நாம் மேலே பார்த்த தொட்டியில் நாளொன்றுக்கு லிட்டருக்கு ஆறரை மில்லிகிராம் குறையும். ஆர்.ஓ. நீரில் இருப்பதே முப்பது மில்லிகிராம் என்றால், ஐந்தே நாளில் கையிருப்பு தீர்ந்து தண்ணீர் புளிக்கத் தொடங்கும். கார அமில நிலை 6-க்குக் கீழே இறங்கினால் நுண்ணுயிர்கள் ஏறக்குறைய வேலையை நிறுத்திவிடும். அப்படிப்பட்ட வீட்டில், கப்பி, மோலி, தங்க மீன் வளர்ப்பவர்கள் ஒரு கைப்பிடி சிப்பித் துண்டை வலைப் பையில் கட்டி வடிகட்டியில் போட்டு வைப்பது நல்லது. அல்லது ஆர்.ஓ. நீரில் பாதிக்குப் பாதி கிணற்று நீர் கலந்துகொள்ளலாம்.

அலசும் முறை

எந்தப் பொருளைப் போட்டாலும் அதைக் கொல்வதும் காப்பதும் நம் கைதான். பல ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும் வேகத்தில், வடிகட்டி ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிடித்து நுரை வரும்வரை பிழிந்தவன்தான். நகரத்துக் குழாய்த் தண்ணீரில் கிருமியைக் கொல்லக் குளோரின் கலந்திருக்கிறது. அது நல்ல கிருமி, கெட்ட கிருமி பார்ப்பதில்லை. அந்த வாரம் வீட்டில் பலகாரம் இருந்தது; தொட்டியில் மீன் இல்லை.

தண்ணீர் மாற்றும் அன்று, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து, அதிலேயே ஸ்பாஞ்சை இரண்டு மூன்று முறை அமுக்கி அலசினால் போதும். வெள்ளை வெளேர் என்று ஆக வேண்டியதில்லை. இரண்டு ஸ்பாஞ்சு இருந்தால் ஒன்று இந்த முறை, மற்றது இரண்டு வாரம் கழித்து. வளையங்களை மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை பாதியளவு மட்டும் அலசலாம். புதிதாக ஊற்றும் குழாய் நீரை அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைக்க வேண்டும். அவசரமானால் ஹைப்போ படிகம் போட்டுக் குளோரினை முறிக்கலாம்.

மீனுக்கு மெத்திலீன் நீலமோ நுண்ணுயிர்க்கொல்லி மருந்தோ கொடுக்க நேர்ந்தால் தனி வாளியில் வைத்துக் கொடுங்கள். தொட்டியில் ஊற்றினால் நோய் போகும். வடிகட்டியின் உயிரும் போகும்.

மின்சாரம் நின்றால் மூடிய டப்பா வடிகட்டிதான் முதலில் ஆபத்தில் சிக்கும். உள்ளே தேங்கிய நீரிலுள்ள பிராணவாயு சில மணி நேரத்தில் தீர்ந்து படலம் செத்து அழுகத் தொடங்கும். நீண்ட நேரம் நின்றுபோனபின் மின்சாரம் வந்ததும் அந்த நாற்ற நீர் தொட்டிக்குள் பாயும். அப்படி நேர்ந்தால் டப்பாவிலுள்ள நீரைக் கீழே கொட்டி, உள்பொருளைத் தொட்டி நீரில் அலசிய பின்பே ஓடவிட வேண்டும். அடிக்கடி மின்வெட்டு உள்ள ஊரில் ஸ்பாஞ்சும், பேட்டரியில் ஓடும் ஏர் பம்பும் போதுமானவை.

பழையதை மாற்றுவது எப்படி?

மாற்றியே ஆகவேண்டும் என்றால், புதியதைப் பழையதன் பக்கத்திலேயே ஒரு மாதம் வைத்து ஓட்டுங்கள். பிறகு பழையதில் பாதியை எடுங்கள். இரண்டு வாரம் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் சோதித்து, இரண்டும் சைபர் காட்டினால் மீதியை எடுக்கலாம். கடைகளில் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் சோதனைப் பெட்டி கிடைக்கிறது. விலை உயர்ந்த வளையத்துக்குக் கொடுக்கும் பணத்தில் இதை வாங்குவது மேல். புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் நண்பர் வீட்டு நல்ல தொட்டியிலிருந்து ஒரு துண்டு பழைய ஸ்பாஞ்சைக் கேட்டு வாங்கி, காய விடாமல் அந்தத் தண்ணீரிலேயே நனைத்து எடுத்து வந்து வைத்தால் வாரங்கள் நாள்களாகச் சுருங்கும். நோயுள்ள தொட்டியிலிருந்து எடுத்தால் நோயும் கூட வரும், பார்த்து எடுக்கவும்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு: உங்களிடம் இன்னும் மூன்று மீன்கள் இருக்கின்றன. முதலில் இரண்டு நாள் தீனியை நிறுத்துங்கள். தங்க மீன் பட்டினியால் சாகாது. நாள்தோறும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை, குளோரின் நீக்கிய நீர் கொண்டு மாற்றுங்கள். நைட்ரைட்டின் கேட்டைத் தடுக்க 10 லிட்டருக்கு ஒரு கிராம் கல்லுப்பு கரைத்து விடலாம். பிறகு மாற்றும் நீருக்கும் அதே அளவில் மட்டும் சேருங்கள். ஏர் பம்பை இரவிலும் நிறுத்த வேண்டாம். தெரிந்தவர் வீட்டில் நல்ல தொட்டி இருந்தால் கையளவு பழைய ஸ்பாஞ்சு கேட்டு வாங்கி, உங்கள் வளையங்களுக்கு முன்னால் வையுங்கள். மூன்றாம் நாளிலிருந்து மீன் ஒன்றுக்கு இரண்டு மூன்று மணித் தீனி மட்டும். குப்பையில் கொட்டிய கூழாங்கல்லைத் தேடிப் போக வேண்டாம். காய்ந்திருந்தால் அதில் உயிர் இராது. வாங்கிய வளையங்களை மட்டும் எறிந்துவிடாதீர்கள். அவை ஐந்தாறு வாரத்தில் கறுக்கத் தொடங்கும். அப்போது அவற்றைக் கழுவாதீர்கள்.